ஒரு வேற்றுமை உருபும் ஒரே கடவுளும்

1821ஆம் ஆண்டையொட்டிக் கல்கத்தாவில் ஒரு மொழிபெயர்ப்புப் பணி பாதியில் நின்றுபோயிற்று. அதில் ஈடுபட்டிருந்தவர் மூவர். வில்லியம் யேட்ஸ், வில்லியம் ஆடம் ஆகிய இருவர் பாப்டிஸ்ட் மிஷனரிகள். மூன்றாமவர் ராம்மோகன் ராய். நற்செய்தி நூல்களைக் கிரேக்க மூலத்திலிருந்து வங்க மொழிக்குப் புதிதாகப் பெயர்ப்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் மூன்றாம் வசனத்தை எட்டியபோது சிக்கல் எழுந்தது. படைக்கப்பட்டவை அனைத்தும் எவ்வாறு உண்டாயின என்பதை அவ்வசனம் சொல்கிறது. 'வாக்கு' எனப்படும் கிறிஸ்துவுக்கும் படைப்புக்கும் உள்ள தொடர்பை அங்கே குறிப்பது 'டியா' என்னும் சிறு கிரேக்க இடைச்சொல். அதை 'அவரால்' என்று பெயர்ப்பதா, 'அவர் வழியாக' என்று பெயர்ப்பதா என்பதே கேள்வி.

'வழியாக' என்பதே கிரேக்கத்துக்கு நெருக்கமானது என்று ஆடம் கருதினார். யேட்ஸ் முதலில் இசைந்து, பிறகு பின்வாங்கினார். 'வழியாக' என்றால் கிறிஸ்து கடவுளின் கருவியாகக் கீழிறங்கிவிடுவார் என்பது அவர் அச்சம். இரு மிஷனரிகளும் வாதிட்டுக்கொண்டிருக்க, ராம்மோகன் கையில் பேனாவுடன் ஒரு சொல்லும் பேசாமல் எல்லாவற்றையும் கவனித்தபடி அமர்ந்திருந்ததாக ஆடம் பின்னாளில் நினைவுகூர்ந்தார். யேட்ஸ் பணியிலிருந்து விலகினார். ஆடமோ அதே ஆண்டில் திரித்துவக் கோட்பாட்டையே கைவிட்டார். கடவுள் ஒருவர், அவர் ஒருவராகவே இருப்பவர் என்னும் யூனிடேரியன் நிலைக்கு வந்தார். மதம் மாற்ற வந்தவர் மாறிப்போனதைக் கல்கத்தாவின் ஆங்கிலேயச் சமூகம் எள்ளி நகையாடியது. 'இரண்டாம் முறை வீழ்ந்த ஆதாம்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தது. வங்காளத்தின் நாட்டுக் கல்வி நிலையைப் பற்றி 1835க்கும் 1838க்கும் இடையில் புகழ்பெற்ற அறிக்கைகளை அளித்தவர் இதே ஆடம்தான். கல்வி வரலாறு படிப்போர் அவ்வறிக்கைகளை அறிவர். அவற்றுக்கு முன்னிருந்த இந்த இறையியல் கதையை அறிந்தோர் சிலரே.

ஓர் இடைச்சொல்லுக்காக ஒரு மனிதர் தம் பதவியையும் தம் மக்களின் நட்பையும் இழக்க முடியுமா? தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என மூன்று பொருள்களை நன்னூல் வகுக்கிறது. 'வாளால் வெட்டினான்' என்பதில் 'ஆல்' கருவியைக் குறிக்கிறது. கருத்தாப் பொருளை உரையாசிரியர்கள் மேலும் இரண்டாகப் பிரித்தனர். அரசனால் ஆகிய கோயில் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. தச்சனால் ஆகிய கோயில் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. கோயில் ஒன்றுதான், உருபும் ஒன்றுதான். ஆயினும் அரசனும் தச்சனும் ஒரே நிலையினர் அல்லர். கல்கத்தாவில் எழுந்த கேள்வியும் இதுவே. உலகம் என்னும் கோயிலைக் கட்டியதில் கிறிஸ்து உளியா, தச்சனா, அரசனா?

இக்கேள்வியில் ஒவ்வொருவரும் எதைப் பணயம் வைத்திருந்தனர் என்பதைப் பார்த்தால், இது வெறும் சொற்போர் அல்ல என்பது விளங்கும்.

ராம்மோகன் அதுவரை தம் சமூகத்தாரோடு போராடிவந்தவர். கடவுள் ஒருவரே என்பதை உபநிடதங்களைக் கொண்டே நிறுவ முயன்று, அதற்காக உறவினரின் பகையைத் தேடிக்கொண்டவர். எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியத்தை அணுகினார். இயேசுவின் அறவுரைகள் அவரை ஆட்கொண்டன. அற்புதச் செயல்களையும் கோட்பாடுகளையும் விட்டுவிட்டு, அவ்வுரைகளை மட்டும் திரட்டி 1820இல் நூலாக வெளியிட்டார். பல தெய்வ வழிபாட்டை விட்டுவிடுங்கள் என்று தம் மக்களிடம் சொன்னவர், கடவுளுக்குள் மூவர் உண்டு என்னும் கூற்றை எப்படி ஏற்பார்? தந்தையும் மகனும் ஒன்று என்பதை அவர் சித்தத்தின் ஒருமையாகக் கொண்டார். பொருளின் ஒருமையாக அன்று. ஒரு வீட்டில் ஒழித்ததை இன்னொரு வீட்டில் வணங்க மறுத்த நேர்மை அது.

செராம்பூர் மிஷனின் ஜோஷுவா மார்ஷ்மன் அந்நூலைக் கடுமையாக எதிர்த்தார். ராம்மோகன் கிறித்தவப் பொதுமக்களுக்கு மூன்று முறையீடுகள் எழுதினார். பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மூன்றாவதை அச்சிட மறுக்கவே, 1823இல் தம் சொந்த அச்சகத்தில் அதை வெளியிட்டார். இன்றைய வாசகரின் பரிவு இயல்பாகவே ராம்மோகன் பக்கம் சாயும். ஆயினும் மார்ஷ்மன் பக்கத்திலும் ஒரு கனமான கேள்வி இருந்தது. அறவுரைகள் போதும் என்றால், அவற்றைப் பின்பற்ற இயலாமல் தோற்றவனுக்கு என்ன வழி? பகைவனை நேசி என்னும் கட்டளை, நேசிக்க முடியாதவனுக்குத் தீர்ப்பாகத்தானே மாறும்? மன்னிப்பு என்பது கடவுள் தாமே வந்து செய்த செயலாக இருந்தால் அன்றி உறுதி பெறாது என்பது மார்ஷ்மன் தரப்பின் உள்ளீடு. ராம்மோகனுக்குக் கடவுளின் ஒருமை உயிர்நிலை. மார்ஷ்மனுக்குக் கடவுளின் அண்மை உயிர்நிலை. கிறித்தவக் கடவுட்கொள்கையின் முழு வரலாறும் இவ்விரண்டையும் ஒருசேரக் காக்க முயன்ற வரலாறே.

இவ்வழக்கு கல்கத்தாவில் பிறந்ததன்று. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் குருவான ஆரியுஸ், மகன் படைப்புகளுள் முதன்மையானவர், அவர் வழியாகவே ஏனைய அனைத்தையும் கடவுள் படைத்தார் என்று கற்பித்தார். 'வழியாக' என்னும் சொல் அவருக்கு வசதியாக இருந்தது. 325இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நீசேயா சங்கம் அதை மறுத்து, மகன் தந்தையோடு 'ஒரே உள்பொருள்' உடையவர் என்று அறிவித்தது. அச்சொல் விவிலியத்தில் இல்லாதது. அதனால் சர்ச்சை அடங்கவில்லை. 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் கூடும்வரை, அதாவது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக, ஆயர்கள் நாடு கடத்தப்படுவதும் திரும்புவதுமாக இருந்தனர்.

அக்காலத்தில் செசரியாவின் ஆயர் பசில் தூய ஆவியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நூல் தொடங்குவதே இடைச்சொற்களைப் பற்றிய ஆராய்ச்சியோடுதான். வழிபாட்டில் அவர் சில வேளை 'மகன் வழியாகத் தூய ஆவியில்' தந்தைக்குப் புகழ் என்றும், சில வேளை 'மகனோடும் தூய ஆவியோடும்' தந்தைக்குப் புகழ் என்றும் மன்றாடினார். முன்னதை ஏற்ற எதிராளிகள் பின்னதைக் குற்றமாகக் கண்டனர். 'இருந்து' என்பது தந்தைக்கு, 'வழியாக' என்பது மகனுக்கு, 'இல்' என்பது ஆவிக்கு என உருபுகளைப் பங்கிட்டு, உருபு வேறுபடுவதால் இயல்பும் வேறுபடும் என்பது அவர்கள் வாதம். பசில் விவிலியத்தைப் புரட்டிக் காட்டினார். மூன்று உருபுகளும் மூவருக்கும் மாறி மாறி வருகின்றன. கடவுளையே 'டியா' கொண்டு குறிக்கும் இடங்களும் உண்டு. ஆகவே உருபைக் கொண்டு உள்பொருளை அளக்க இயலாது என்றார். 'வழியாக' என்பது மகனிடமிருந்து நமக்கு வந்து சேர்ந்ததைச் சொல்கிறது; 'ஓடு' என்பது மகனுக்கு உரியதைச் சொல்கிறது. இரண்டும் வேண்டும்.

பசிலின் விடையை நன்னூலின் மொழியில் சொன்னால், கருவிப் பொருளா கருத்தாப் பொருளா என்று உலகம் சண்டையிட்ட இடத்தில் அவர் மூன்றாவது பொருளைச் சுட்டினார்: உடனிகழ்வு. தந்தை மகனோடும் ஆவியோடும் செயல்படுகிறார். ஏவுபவர் ஒருவர், ஏவப்படுபவர் மற்றொருவர் என்னும் அடுக்கு அங்கே இல்லை.

தமிழ் விவிலியங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. சீர்திருத்தச் சபையினர் தலைமுறைகளாக வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பு அவ்வசனத்தில் 'மூலமாய்' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'அவரால்' என்கிறது. இரு பதிப்பையும் கையில் ஏந்துவோர் கிறிஸ்துவின் இறைமையை ஒரே விதமாகவே அறிக்கையிடுகின்றனர். ஆடமுக்கும் யேட்ஸுக்கும் இடையே சுவராக நின்ற சொல், இங்கே இரு பதிப்புகளின் நடை வேறுபாடாக மட்டும் நிற்கிறது. பசில் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. கோட்பாடு இடைச்சொல்லிலிருந்து பிறக்கவில்லை. அச்சொல்லை வாசிக்கும் சமூகத்தின் வழிபாட்டிலிருந்தும் அதன் தேவைகளிலிருந்தும் பிறந்தது.

திரித்துவம் என்னதான் சொல்கிறது? மூன்று கடவுளர் என்று சொல்லவில்லை. ஒரே கடவுள் மூன்று வேடம் புனைகிறார் என்றும் சொல்லவில்லை. அக்கருத்தைத் திருச்சபை மூன்றாம் நூற்றாண்டிலேயே தள்ளிவிட்டது. அது சொல்வது இதுதான்: கடவுளின் இயல்பே உறவு. தனியாக இருந்த ஒருவர் பிறகு உலகைப் படைத்து அதன்பின் அன்பு செய்யக் கற்றுக்கொள்ளவில்லை. அன்பு செய்பவர், அன்பு செய்யப்படுபவர், அவ்விருவரிடையே நிலவும் அன்பு என்று அகுஸ்தினார் ஒரு படிமத்தை முன்வைத்தார். அதுவும் போதாது என்று கண்டு வேறு படிமங்களைத் தேடினார். 'ஆள்' என்னும் சொல் தமிழில் தரும் இடர் லத்தீனிலும் கிரேக்கத்திலும் இருந்தது. மூன்று ஆட்கள் என்றதும் மனம் மூன்று தனியரை எண்ணிவிடுகிறது. ஆனால் தந்தை என்பது மகனின்றிப் பொருள்படாத சொல். பெயரிலேயே மற்றவரைச் சுமப்பவர் தனியர் அல்லர்.

இந்திய மண்ணில் இக்கருத்து ராம்மோகனோடு முடிந்துவிடவில்லை. அவர் நிறுவிய பிரம்ம சமாஜத்தின் வழியில் வந்த கேசவ சந்திர சென் 1882இல் கல்கத்தாவில் திரித்துவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மேலிருந்து இறங்கும் இறைமை மகன். மனிதகுலத்தை உயர்த்திக்கொண்டு மேலே திரும்பும் இறைமை ஆவி என்று ஒரு முக்கோணத்தை வரைந்து காட்டினார். சத்து, சித்து, ஆனந்தம் என்னும் வேதாந்தச் சொற்களை அம்மூன்றோடு இணைத்தார். அவர் எந்தச் சபையிலும் சேரவில்லை. மூதாதை மறுத்ததை வழித்தோன்றல் தன் மொழியில் வரவேற்றது வரலாற்றின் விந்தை.

அவ்விணைப்பை இறுதிவரை கொண்டுசென்றவர் பவானி சரண் பானர்ஜி. 1861இல் ஹூக்ளி மாவட்டத்துக் கன்யானில் பிறந்தவர். கேசவரின் ஈர்ப்பில் பிரம்ம சமாஜத்துக்கு வந்தவர். 1891இல் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானவர். பிரம்மபாந்தவ் உபாத்யாய் என்று பெயர் மாற்றிக் காவியுடுத்தினார். 'சோஃபியா' என்னும் இதழைக் கராச்சியில் தொடங்கினார். சச்சிதானந்தத்தை வாழ்த்தும் அவருடைய சமஸ்கிருதத் துதிப்பாடல் 1898இல் அவ்விதழில் வெளிவந்தது.

அவருடைய வாதம் வெறும் சொல்லொப்புமை அன்று. நிர்க்குணப் பிரம்மம் என்றால் குணமற்ற வெறுமை என்று பொருளல்ல. வெளியே உள்ள எதனோடும் கட்டாயத் தொடர்பு இல்லாத நிறைவு என்று அவர் விளக்கினார். அறிவதற்கு உலகம் தேவையில்லை. கடவுள் தம்மையே அறிகிறார். அவ்வாறு அறியப்பட்ட தம் உருவே வாக்கு, அதுவே சித்து. அவ்வறிவில் பொங்கும் நிறைவே ஆனந்தம், அதுவே ஆவி. கடவுள் உறவுடையவர், ஆனால் அவ்வுறவு அவருக்குள்ளேயே நிறைவு பெற்றது. ஆகவே உலகைப் படைத்தது தேவையினால் அன்று, அருளினால். தாமஸ் அக்வினாஸையும் சங்கரரையும் ஒரே மேசையில் அமர்த்திய துணிவு இது.

சபை அவரை நம்பவில்லை. 1899இல் ஜபல்பூரில் நர்மதைக் கரையில் அவர் அமைத்த துறவு மடம் திருச்சபை மேலிடத்தின் எதிர்ப்பால் நிலைக்கவில்லை. அவருடைய இதழைக் கத்தோலிக்கர் வாசிக்கலாகாது என்று தடை வந்தது. 1901இல் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியபோது துணைநின்றார். பின்னர் அரசியலில் இறங்கி 'சந்தியா' நாளிதழை நடத்தினார். 1907இல் ராஜத்துரோக வழக்கில் கைதாகி, வழக்கு முடியுமுன் அக்டோபர் 27 அன்று மருத்துவமனையில் இறந்தார். இந்து முறைப்படி அவர் உடல் எரியூட்டப்பட்டது. பிறப்பால் இந்து, திருமுழுக்கால் கத்தோலிக்கர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவரின் உடலை இரண்டிலொரு சமூகம்தான் ஏற்றது. கடவுளுக்குள் வேறுபாடும் ஒருமையும் ஒருங்கே இருக்க முடியும் என்று எழுதியவருக்கு, ஒரு மனிதனுக்குள் அவை ஒருங்கே இருக்க நாடு இடம் தரவில்லை.

அவர் விதைத்தது பின்னர் காவிரிக் கரையில் முளைத்தது. குளித்தலை அருகே 1950இல் மோன்ஷனானும் லெ சோவும் தொடங்கிய சாந்திவனம், சச்சிதானந்த ஆசிரமம் என்றே பெயர் பெற்றது. திருச்சபை ஒருகாலத்தில் ஐயுற்ற சொல்லை ஓர் ஆசிரமத்தின் வாயிலில் எழுத முடிந்தது.

ஆயினும் இவ்விணைப்பில் இரண்டு பிளவுகளை மறைக்க இயலாது. முதலாவது தத்துவச் சிக்கல். அத்வைதத்தில் சத்து, சித்து, ஆனந்தம் மூன்றும் ஒன்றையொன்று நோக்கி நிற்பவை அல்ல. ஒரே சொரூபத்தை மூன்று வகையில் சுட்டுபவை. சத்து சித்தை நேசிப்பதில்லை. தந்தை மகனை நேசிக்கிறார். உறவே இயல்பு என்பதுதான் கிறித்தவக் கூற்றின் உயிர் என்றால், அவ்வுயிரை இச்சொற்கள் முழுதும் ஏந்தமாட்டா.

இரண்டாவது இன்னும் கூர்மையானது. 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரை இந்திய இறையியலின் போக்கைத் திருப்பியது. இந்தியக் கிறித்தவருள் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். இந்தியக் கிறித்தவ இறையியலோ பிராமணியச் சிந்தனையின் சொற்களிலேயே கடவுளைப் பேசிவந்திருக்கிறது என்பது அவர் முன்வைத்த குற்றச்சாட்டு. அவரும் அவரைத் தொடர்ந்தோரும் தலித் இறையியலை உருவாக்கினர். ஊழியம் செய்பவரே தலித்துகளின் கடவுள் என்றார் நிர்மல்; பணிவிடை அக்கடவுள் தற்காலிகமாக ஏற்ற வேடமன்று, அவரது இயல்பு.

இது சமூகவியல் விமர்சனம் மட்டுமன்று. கடவுளின் இயல்பு பற்றிய விவாதமே. தந்தையர் காலம் முதல் கிறித்தவ மரபு கடவுளுக்குத் துன்பமில்லை என்றே கற்பித்து வந்தது. சிலுவையில் துன்புற்றது மகன் ஏற்ற மனித இயல்பு என்று நுட்பமாகப் பிரித்துச் சொன்னது. இருபதாம் நூற்றாண்டின் போர்களுக்குப் பின், 1972இல் யூர்கன் மோல்ட்மன் சிலுவையைக் கடவுளின் உள்வாழ்விலேயே நிகழ்ந்ததாக எழுதினார். ஆனந்தம் என்று மட்டும் அழைக்கப்படும் கடவுளிடம், கிணற்றடியில் விரட்டப்பட்டவர் எதைப் பேசுவார்? மறுபுறம், முற்றிலும் துன்பத்தில் மூழ்கிய கடவுள் யாரைத் தூக்கிவிடுவார்? துன்பத்தால் வெல்லப்படாத நிறைவு வேண்டும் என்பதற்காகவே பழைய மரபு அக்கோட்பாட்டைக் காத்தது. ஆனந்தமும் சிலுவையும் ஒன்றையொன்று திருத்த வேண்டியிருக்கிறது.

ஆய்வாளர்கள் இவ்வரலாற்றை மொழிபெயர்ப்புச் சிக்கலாகவோ காலனிய அரசியலாகவோ மட்டும் வாசிப்பது வழக்கம். இரண்டும் உண்மையே. ஆனால் இதில் வருவோர் ஒவ்வொருவரும் கடவுள் எத்தகையவர் என்பதை அறிய விரும்பினர். அதற்காக ஆடம் சபையை இழந்தார், ராம்மோகன் இரு தரப்பின் நட்பையும் இழந்தார், உபாத்யாய் இறுதிச் சடங்குக்குரிய சமூகத்தையே இழந்தார். அவர்கள் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளாத ஆய்வு, அவர்களைப் பாதியே படித்ததாகும்.

ராம்மோகன் காத்த ஒருமையை விட்டால் கடவுள் பலவாகச் சிதறுவார். மார்ஷ்மன் காத்த அண்மையை விட்டால் கடவுள் எட்டாத உயரத்தில் தனித்திருப்பார். நிர்மல் சுட்டிய ஊழியத்தை விட்டால், அண்மையும் ஒருமையும் மேல்தளத்தாரின் உடைமையாக நின்றுவிடும். மத்தேயு நற்செய்தி இயேசுவுக்கு இம்மானுவேல் என்னும் பெயரையும் வழங்குகிறது; அதற்குக் 'கடவுள் நம்மோடு' என்று பொருளும் தருகிறது. அங்கே வருவதும் உடனிகழ்வின் 'ஓடு'தான். கடவுளுக்குள் தந்தை மகனோடு இருப்பதைச் சொல்ல எந்த உருபு தேவைப்பட்டதோ, அதே உருபு கடவுள் மனிதரோடு இருப்பதைச் சொல்லவும் தேவைப்படுகிறது. அந்த 'நம்' என்பதற்குள் யார் யார் அடங்குவர் என்பதை இந்தியத் திருச்சபை இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை. சாதிக்கொரு கல்லறை உள்ள ஊர்களில் அக்கேள்வி இன்றும் மொழிபெயர்க்கப்படாமலே கிடக்கிறது.